இந்தப் பக்கம் முடியப் போகுது

ஏம்மா, அந்த ஜன்னலோரத்தை எனக்குக் குடுத்துடறியா? தப்பா நினைச்சுக்காத. எனக்கு வாந்தியெல்லாம் வராது. கொள்ளிடம் பாலம் வரும்போது ஒரு வேலை இருக்கு. கை வெளியில போகணும், அவ்வளவுதான். மகராசியா இரு. இல்ல இல்ல, பையை வாங்காத, நானே மடியில வச்சுக்கிறேன். கீழயும் வைக்க மாட்டேன், மேல கம்பியிலயும் வைக்க மாட்டேன். எவன் எப்ப எடுப்பான்னு யாருக்குத் தெரியும்.

என் குரலைக் கேட்டுத் திடுக்குன்னு ஆயிடுச்சா? எல்லாரும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாங்க. கழுத்துல கட்டின்னு ஆபரேஷன் பண்ணினாங்க. கட்டியை எடுத்தாங்க, கூடவே குரலும் போயிடுச்சு. போன்ல பேசினா 'சொல்லுங்க சார்'ங்கிறாங்க. போகட்டும் விடு.

நீ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பொண்ணுதானே? உன் தோள் பையைப் பார்த்துட்டுத்தான் இங்க வந்து உட்கார்ந்தேன். பெரம்பலூர் ஸ்டாண்டுல பின்னாடி சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒரு ஞாயம் தெரியணும். என் பொண்ணு ஓசூர்ல இருக்கா, அவகிட்ட கேட்டா சிரிக்கிறா. 'அம்மா, அது கம்ப்யூட்டர்மா'ங்கிறா. அவ அப்பாவுக்குப் பிறந்தவ, அப்பா பக்கம்தான் பேசுவா. நீ மூணாவது மனுஷி. நீ சொல்லு.

எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல இருந்தவரு. லிப்டு ரிப்பேர் வேலை. கல்யாணம் முடிஞ்ச கையோட போனாரு, தலைமுடி நரைச்சுத்தான் வந்தாரு. வந்ததுல இருந்து குரும்பலூர்ல வீட்டோட இருக்காரு. நல்ல மனுஷன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேச மாட்டாரு. நான் ஒரு விஷயத்தைச் சொன்னா 'ம்'பாரு. மறுபடி சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டுவாரு. மறுபடியும் சொன்னா மோட்டார் கொட்டகைக்குப் போயிடுவாரு.

அப்படிப்பட்ட மனுஷன், தை மாசத்துல இருந்து போன்ல பேசறாரு. யார்கிட்ட? ரோஸ்லின்னு ஒருத்திகிட்ட. திருச்சியில பழைய கம்ப்யூட்டர் விக்கிற கடை வச்சிருக்காளாம். கடையோ என்னமோ. நான் துணி காயப்போட மாடிக்குப் போனா, அங்க தொட்டி மறைவுல நின்னுக்கிட்டுப் பேசறாரு. சிரிக்கிறாரும்மா. எங்க வீட்டுக்காரரு சிரிச்சா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போயிருந்துச்சு.

என்ன பேசினாருன்னு சொல்றேன், நீயே சொல்லு இது நல்ல பேச்சான்னு.

'பழசா இருந்தாலும் பரவாயில்லைங்க. சத்தம் போடாம இருக்கணும். சீக்கிரம் சூடாகக் கூடாது. சும்மா கிடக்கிற நேரத்துல ரொம்ப இழுக்கக் கூடாது.'

இது யாரைப் பத்தி? சத்தம் போடறது யாரு வீட்ல? நான். சூடாகிறது யாரு? நான். மத்தியானம் சும்மா கிடக்கிறது யாரு? கால் வலி வந்தா நான் கொஞ்சம் படுப்பேன், அதுக்கு இப்படியா? கரண்டு இழுக்கிறதைச் சொல்லியிருப்பாருன்னு சொல்றியா? இப்ப சொல்லுவ. அப்ப எனக்கு எப்படித் தெரியும்.

இன்னொரு நாள், 'ஆபீஸ்ல இருந்தது, வேண்டாம்னு வெளியில அனுப்பிட்டாங்க, நாலஞ்சு வருஷம்தான் ஆகுது, இன்னும் நல்லா உழைக்கும்'னு அவ சொல்றா போல, இவரு ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லித் தலையாட்டறாரு. 'சின்னதா இருந்தாப் போதும், பரண்லயே வச்சுக்கிறேன், வீட்ல தெரிய வேண்டாம்'னாரு. வீட்லன்னா யாரு? என் பேரு மருதாம்பாள். 'வீட்ல'ங்கிறதுதான் என் பேரு மாதிரி ஆயிடுச்சு.

கேளு, இன்னும் இருக்கு. 'வீட்டுக்கு ஒரு சர்வர் வேணும், எல்லா வேலையும் அது ஒண்ணே பார்த்துக்கணும்'னாரு. நான் என்ன ஹோட்டலா நடத்தறேன்? வேளாவேளைக்குச் சோறு போடலையா நான்? அப்புறம் 'ரெய்டு போட்டுடலாங்க'ன்னாரு. மஸ்கட்ல என்ன பண்ணிட்டு வந்தாரோன்னு பீரோவைப் பூட்டி சாவியை மாவு டப்பாவுல போட்டேன். எங்க வீட்ல ரெய்டு வந்தா என்ன கிடைக்கும் அவங்களுக்கு? நார்த்தங்காய் ஊறுகாய்தான்.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஒண்ணு சொன்னாரு பாரு. அதைக் கேட்டுட்டுத்தான் நான் சோறு இறங்காமக் கிடந்தேன். 'ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்ல. அதுக்குத்தானே ரெண்டா வச்சுக்கிறது.'

ரெண்டா வச்சுக்கிறதாம். எந்த ஆம்பளை பெண்டாட்டி காதுபட இப்படிச் சொல்லுவான்? காதுபடச் சொல்லலதான், நான்தான் தொட்டிக்கு இந்தப்புறம் ஈரத்துணியோட நின்னேன். அதுக்காக?

பாடாலூர் தாண்டிடுச்சா? சரி சரி, இன்னும் நேரம் இருக்கு.

கேட்டேன், கேட்காம இருப்பேனா. 'யாரு அவ'ன்னு நேராவே கேட்டேன். 'ஆடு திருட்டுப் போகுதுல்ல, வாசல்ல கேமரா வைக்கப் போறேன், அதுக்கு ஒரு பெட்டி வேணும், அதைத்தான் விசாரிக்கிறேன்'னாரு. கேமராப் படமும் அதுலயே, டிவிக்குப் படமும் அதுலயே, பேரப்பிள்ளை போட்டோவும் அதுலயே. ஒரே பெட்டியாம். கையில அடங்கற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் அட்டை இருக்காம், விலை குறைவு, ஆனா இதையெல்லாம் தாங்காதாம். கம்பெனிக்காரனே செஞ்சு விக்கிற பெட்டி இருக்காம், அது நம்மளுக்கு எட்டாதாம். அதனால ஆபீஸ்காரங்க கழிச்சுப் போட்ட சின்னப் பெட்டியை வாங்கி, பக்கத்துல டிஸ்க் மட்டும் புதுசா ரெண்டு போடணும்னு அந்த ரோஸ்லின் சொல்லியிருக்கா. எப்படிச் சொன்னாளாம் தெரியுமா? 'உடம்பு பழசா இருக்கலாம் அண்ணே, ஞாபகம் இருக்கிற இடம் மட்டும் நல்லதா இருக்கணும்.' அண்ணேன்னு கூப்பிடறா. எத்தனை அண்ணனைப் பார்த்திருக்கேன் நான்.

நான் மிக்ஸி வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்கி, மூடியைத் திறந்து, ஜாரை முகர்ந்து பார்த்து வாங்கறவ. ஒருத்தி சொன்னாள்னு ஒரே இடத்துல வாங்கறது என்ன வியாபாரம்? 'அவ தலையில கட்டிடப் போறா'ன்னேன். 'உனக்குத் தெரியாது'ன்னாரு. எனக்குத் தெரியாதுதான். ஆறாவதோட நிறுத்திட்டாங்க என்னை. ஆனா ஒரு வாசல், ஒரு கேமரா, அதுக்கு எதுக்கு ரெண்டு டிஸ்க்? இதுக்குப் பதில் சொல்லச் சொல்லு பார்ப்போம். கேட்டா, 'ம்'.

பெட்டி வந்துச்சு. பரண்ல ஏத்தினாரு. ஒரு வெத்தலைப் பெட்டி அளவுதான். பக்கத்துல ரெண்டு டிராயர் வச்ச மாதிரி இன்னொரு டப்பா. பச்சையா விளக்கு மினுக் மினுக்குன்னுது. கேமராவும் வச்சாரு, உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் மோட்டார் கொட்டகையில என்ன வேலை அவருக்கு? உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிறாரு. ஒரு நாள் அவரு கைலியில ஒரு நாடா ஒட்டியிருந்துச்சு. மெல்லிசா, பளபளன்னு, கறுப்பும் இல்லாம பழுப்பும் இல்லாம. கொட்டகைக் குப்பையில பார்த்தா அதே நாடா கொத்துக் கொத்தாக் கிடக்கு, அறுந்து அறுந்து. எவ தலையில கட்டற ரிப்பன் அது? நான் நாடா கட்டி எத்தனை வருஷமாச்சு? எடுத்து முடிஞ்சு வச்சிருக்கேன், இந்தா, மடியில. பார்த்தியா?

என்னம்மா அதை அப்படிப் பார்க்கிற? அழுக்கா? அழுக்குத்தான். சரி குடு, உள்ள வச்சுக்கிறேன்.

அப்புறம்தான் அந்தக் குரல்.

ரேஷன் கடையில சர்க்கரை இல்லைன்னு சீக்கிரமே திரும்பி வந்தேன். முற்றத்துல கால் வைக்கிறேன், அறைக்குள்ள ஒரு பொம்பளை பேசறா. கதவு சாத்தியிருக்கு. சின்ன வயசுக் குரல். கண்ணாடி வளையல் மாதிரி இருக்கு, பொய் சொல்லக் கூடாது, நல்ல குரல். 'என்னங்க, கிணத்து ராட்டினம் உடைஞ்சு போச்சுங்க'ங்கிறா. கொஞ்ச நேரம் போய், 'ராட்டினம் உடைஞ்சதைச் சொன்னேன்ல'ங்கிறா. மறுபடியும் ராட்டினம். ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றா! இவரு 'ம்'கூடப் போடாமக் கேட்டுட்டு இருக்காரு. சாவித் துவாரத்துல பார்த்தேன். நாற்காலியில உட்கார்ந்து கண்ணை மூடிட்டு இருக்காரு. அறையில வேற யாரும் இல்ல. பெட்டிக்குள்ளதான் பேசறா.

மறுநாளும் அதே பேச்சு, அதே ராட்டினம், அதே இடத்துல ஒரு இருமல். அப்பதான் புரிஞ்சுது, பதிஞ்சு வச்சுக் கேட்கிறாருன்னு. ஓஹோ, கேமராவுக்கு ரெண்டு டிஸ்க் இல்ல, இவளுக்குத்தான் ரெண்டு டிஸ்க்!

சரியான அழுமூஞ்சி அவ. 'தூக்கம் வரலைங்க'ங்கிறா. 'பயமா இருக்குங்க'ங்கிறா. அடுத்த நிமிஷமே சிரிக்கிறா. 'மஸ்கட்டு மகராசா, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா'ங்கிறா. வெக்கமில்லாம. நான் ஒரு நாளும் என் வீட்டுக்காரரை அப்படிக் கூப்பிட்டவ இல்ல.

இதெல்லாம்கூடப் பொறுத்துப்பேன்மா. எதைப் பொறுக்க முடியல தெரியுமா? என் மாமியார் சர்க்கரை டப்பாவை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைப்பாங்க. நான் காப்பி போட்டுடுவேன்னு. புதுசா வந்த மருமகள்கிட்ட அப்படி. அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என்னைப் பெத்தவங்ககிட்டகூடச் சொல்லல. இவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன், அவரு மஸ்கட்ல இருக்கும்போது. அந்தச் சேதி அவளுக்குத் தெரிஞ்சிருக்கு! 'சர்க்கரையை அரிசிக்குள்ள புதைச்சு வைக்கிறாங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. என் வீட்டுச் சங்கதியை அவகிட்டக் கொட்டியிருக்காரு. நான் அழுதுக்கிட்டுச் சொன்னதை அவ சிரிச்சுக்கிட்டுச் சொல்றா. அன்னைக்கு நான் சாப்பிடல.

அன்னைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன்.

போனா? அடிக்கட்டும். அவருதான். பஸ் ஏறினதுல இருந்து அடிக்கிறாரு. எடுக்க மாட்டேன்.

என்ன கேட்ட? மஸ்கட்ல இருந்தவருக்கு எப்படிச் சொன்னேன்னா? நல்லாக் கேட்ட. எனக்கு எழுத வராதே. கோணல் மாணலா எழுதினா தபால்காரன் படிச்சுச் சிரிப்பான். அதனால ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. கேசட்ல பேசி, ஊர்ல இருந்து யாராவது போனா குடுத்து விடுவேன். அப்ப எல்லாரும் அப்படித்தான். என்ன பேசினேனோ யாருக்கு ஞாபகம் இருக்கு. வரும்போது எல்லாத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில மொத்தமாக் கொண்டு வந்தாரு. எங்க வீட்ல இருந்த டேப் ரெக்கார்டரும் கெட்டுப் போச்சு. ஆபரேஷன் முடிஞ்சு வந்து வீட்டை ஒழிச்சேன்ல, அப்ப அந்தக் கேசட் எல்லாத்தையும் பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். நல்ல பக்கெட்டு, இன்னும் இருக்கு. அதைக் கேட்டதும் இவரு சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. பொழுது சாயத்தான் வந்தாரு, தோள்ல ஒரு சாக்கோட. என்னன்னு கேட்டா தேங்காய் மட்டைன்னாரு. மோட்டார் கொட்டகையில வச்சுட்டு வந்தாரு.

ஏன் என்னையே பார்க்கிற? சொல்ல வந்ததைச் சொல்லு. சொல்ல மாட்டியா? நீயும் அந்த ரோஸ்லினுக்கு வேண்டப்பட்டவளா? சரி, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, அதுக்கு ஏன் தலையை ஆட்டற.

முடிவு என்னன்னு கேட்கலையே. இன்னைக்கு அவரு ஒரு வளைகாப்புக்குக் காலையிலேயே அரியலூர் போனாரு. முழங்கால் வலின்னு நான் நின்னுட்டேன். அவரு தெரு முனை திரும்பினதும் ஏணியைப் போட்டேன். டிராயர்ல ஒண்ணை இழுத்தேன், கையோட வந்துடுச்சு. இதோ, இந்தப் பையிலதான் இருக்கு, புளிசோத்து டப்பாவுக்குக் கீழ. இன்னொண்ணு இருக்கே? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னாரே? அரிசி களைஞ்ச தண்ணி ஒரு குண்டான் இருந்துச்சு. அப்படியே அதும்மேல ஊத்தினேன். டப்புன்னு ஒரு சத்தம். விளக்கெல்லாம் போச்சு. மாட்டுக்கு வச்சிருந்த தண்ணி, வீணாப் போச்சேன்னு ஒரு நிமிஷம் இருந்துச்சு, அவ்வளவுதான். என்னம்மா பண்றது, மனசு எரியுதுல்ல.

இதைக் கொள்ளிடத்துல போட்டுட்டு, நேரா அவ கடைக்குப் போவேன். 'உன் குரலை ஆத்துல விட்டுட்டு வந்துட்டேன் போ'ன்னு அவ முகத்துக்கு நேரா சொல்லிட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன்.

அவதான்னு எப்படித் தெரியும்னா? அவளே சொன்னாளே, பெட்டிக்குள்ள இருந்து! நானா கற்பனை பண்றேன்? கடைசியில என்ன சொன்னா தெரியுமா? 'இந்தப் பக்கம் முடியப் போகுது. மீதியை அந்தப் பக்கத்துல சொல்றேன்'னா. இந்தப் பக்கம்னா எது? கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் நாங்க. நான். அது முடியப் போகுதாம். அந்தப் பக்கம் எது? திருச்சி. அங்க யாரு இருக்கா? அவ. மீதிக் காலத்தை அங்க வச்சு நடத்தப் போறாங்களாம். ஆறாவது படிச்சவளுக்கு இதுகூடவா புரியாது.

சமயபுரம் வந்தாச்சு பாரு. ஆத்தா, நீதான் கேட்கணும்.

அதுக்கப்புறமா? அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல. ஆமா, சொன்னா. 'திருப்பிப் போடுங்க'ன்னா. எதைத் திருப்பிப் போடறது? தோசையா? அவரு என்னைக்கு அடுப்படிக்கு வந்திருக்காரு. 'திருப்பிப் போட்டுக் கேளுங்க'ன்னா. தோசையைத் திருப்பிப் போட்டுக் கேட்பாங்களா? கிறுக்குப் பேச்சு.

என்ன? நான் பேசும்போது எப்படியா? எந்தப் பேச்சு? கேசட்லயா? அதுல என்ன, ரெண்டு பட்டனை ஒண்ணா அமுக்கிட்டுப் பேச வேண்டியதுதான். உள்ள சுத்தறது தெரியும். நாடா இந்தச் சக்கரத்துல இருந்து அந்தச் சக்கரத்துக்குப் போகும். தீர்ற மாதிரி வந்தா பேச்சை நிறுத்திடணும். இல்லைன்னா பாதியில வெட்டிடும். அதனால முன்னாடியே சொல்லிடுவேன், இந்தப் பக்கம் முடியப் போகுதுங்க, மீதியை அந்தப் பக்கத்துல சொல்றேன், திருப்பிப் போட்டுக்…

…

இரும்மா. ஒண்ணும் பேசாத.

இல்ல. அதெப்படி? என் குரல் எனக்குத் தெரியாதா? அது சின்னப் பொண்ணு குரல்மா. சுத்தமா, கணீர்னு. நான் எப்படிப் பேசறேன்னு நீயே கேட்கிறியே, தகரத்துல உரசற மாதிரி. அப்படியா இருந்தேன் நான்?

ராட்டினம் உடைஞ்சது. ஆமா, உடைஞ்சது. தலைச்சன் வயித்துல இருந்தப்ப. கையால கயிறு இழுத்துத்தான் தண்ணி சேந்தினேன். சர்க்கரைக்கு அழுதேன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். சிரிச்சுக்கிட்டாம்மா சொல்லியிருக்கேன்?

மஸ்கட்டு மகராசாவா? சீ. அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டேன். கூப்பிட்டிருப்பேனோ?

அப்ப அந்தச் சாக்குல தேங்காய் மட்டை இல்ல, கேசட்டு. கொட்டகையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு அதைத்தான் பெட்டிக்குள்ள ஏத்தினாரா?

கொள்ளிடமா? வந்துடுச்சா? அதுக்குள்ளயா? அந்தக் கண்ணாடியை இறக்கி மூடி விடும்மா, சீக்கிரம். முழுசா இறக்கு. காத்து அடிக்குது, தூசி படும். பையைப் பிடி ஒரு நிமிஷம். இல்ல, வேண்டாம், நானே பிடிச்சுக்கிறேன். புளிசோத்து டப்பாவை நீ வச்சுக்க. எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாரு. இந்த முந்தானையில சுத்திக்கிறேன். பஸ்ஸு குலுங்கினா இதுக்கு ஒண்ணும் ஆகாதே? இந்த டிரைவர் ஏன் இப்படிப் போறான், கண்டக்டர் தம்பி, மெதுவாப் போகச் சொல்லுப்பா, சாமான் இருக்கு!

அந்த நாடா அத்தனையும் அறுந்து போச்சே. கேசட்டும் இல்ல. வீட்ல இருக்கிறது மேல தண்ணியை ஊத்திட்டு வந்திருக்கேன். அப்ப இது ஒண்ணுதானா?

ரெண்டுலயும் ஒண்ணேதான் இருக்கும்னு நீ சொல்றது நிச்சயம்தானே? ஒரு வார்த்தைகூடக் குறையாம? ராட்டினம், சர்க்கரை, இருமல், எல்லாம்? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். அதுக்குப் பேருதான் ரெய்டா? அதுக்குத்தான் ரெண்டா வச்சாரா? என்ன மனுஷன்மா இவரு. வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன? 'உன் பேச்சைத்தான் கேட்கிறேன்'னு சொன்னா நான் கடிச்சா தின்னுடுவேன்?

ரோஸ்லின் கடைக்குத்தான் போறேன், வேற எங்க போக. இது உயிரோட இருக்கான்னு அவதான் பார்த்துச் சொல்லணும். இன்னும் ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லணும். ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன். காதுல மாட்டிக்கிட்டு ஒரு வார்த்தை கேட்க விட மாட்டேன். ஏற்கனவே கேட்டிருப்பாளோ? அண்ணே அண்ணேன்னு நான் பேசினதையெல்லாம் கேட்டு வச்சிருப்பாளோ? அவமேல எனக்கு இன்னும் சந்தேகம் தீரல.

ஒண்ணு சொல்லட்டுமா? நான் சந்தேகப்பட்டதுல என்ன தப்பு? நீயே சொல்லு. நான் ஒண்ணை மூணு தடவை சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டறாரு. அவ மூணு தடவை சொன்னா கண்ணை மூடிக் கேட்கிறாரு. எனக்குக் கதவைச் சாத்திட்டு அவகூட உட்கார்ந்திருக்காரு. நான் வெளியில காப்பி டம்ளரோட நிக்கிறேன். வீட்ல ஒருத்தி, பரண்ல ஒருத்தி. ரெண்டா வச்சுக்கிட்டாருதானே?

போன். அவருதான். அரியலூர்ல இருந்து திரும்பி வந்து பரணைப் பார்த்துட்டாரு போல.

நீ எடுத்துப் பேசறியாம்மா? மூணாவது மனுஷி சொன்னா கேட்பாரு. வேண்டாம், குடு. நானே பேசறேன். உன்கிட்டக் குடிக்கத் தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடு. தொண்டையைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன்.